நஞ்சம்மாவுக்கு அப்புறம் யார்? சாம்புவா, பாத்துமாவின் ஆடா?

அத்தைக்கு வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆகி அன்றைக்கு ஆறாம் நாள். புதுக் கண்ணாடிக்கு எழுதித்தர ஒரு மாதம் போகட்டும் என்று சொல்லியிருந்தார்கள். பழைய கண்ணாடியைப் போட்டால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது. பெங்களூர் அல்சூரில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. பார்வை மங்க ஆரம்பித்த நாளிலிருந்தே ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போய் அரை மணி, முக்கால் மணி புத்தகம் வாசித்துக் காட்டுவது என் வேலையாகியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு சொட்டு மருந்தும் சேர்ந்துகொண்டது. மருந்து விட்டதும் அத்தை கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வார். நான் முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன்.

புத்தகம், எஸ்.எல். பைரப்பாவின் 'ஒரு குடும்பம் சிதைகிறது'. 1970இல் கன்னடத்தில் வந்த 'கிருஹபங்க'. தமிழில் எச்.வி. சுப்ரமணியம். திப்டூர்ப் பக்கத்துக் கிராமம், கணக்குப்பிள்ளைக் குடும்பம். சாப்பிடுவதைத் தவிர வேறொன்றும் அறியாத புருஷன், வாயைத் திறந்தால் வசவாகக் கொட்டும் மாமியார், இவர்களுக்கு நடுவே கணக்கு நோட்டைத் தானே எழுதி வீட்டைத் தூக்கி நிறுத்தும் நஞ்சம்மா. திப்டூர் என்றதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். கொப்பரைக்குப் பேர்போன ஊர், அவருக்குத் தெரிந்த ஊர். மாமியார் திட்டும் இடங்களில் சிரிக்கவும் செய்தார். அன்றைக்கு வந்தது பிளேக் அத்தியாயம். நஞ்சம்மாவின் பெண்ணையும் பிள்ளையையும் அந்த நோய் கொண்டுபோகிறது.

ஏறிட்டுப் பார்த்தால் அத்தை கன்னத்தில் தண்ணீர். கை கண்ணுக்குப் போய்விட்டது. புத்தகத்தைப் போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்தேன். கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் அத்தனை தடவை சொல்லியிருந்தார். அழக்கூடாது என்று சொல்லவில்லைதான். ஆனால் கசக்காமல் அழ யாருக்குத் தெரியும்?

"போதும்டா. மூடி வை. சிரிக்கிற மாதிரி ஏதாவது இருந்தா எடுத்துகினு வா."

இன்னும் கொஞ்சம் பக்கங்கள் மிச்சம் இருந்தன. நான் முன்பே ஒரு தடவை வாசித்திருந்ததால் அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மறுபேச்சில்லாமல் மூடினேன்.

இந்த ஊரில் பிளேக் வெறும் கதை இல்லை. 1898இல் அது பெங்களூருக்குள் வந்தது. பிளேக் அம்மனுக்கு இன்றும் இங்கே கோயில்கள் உண்டு. நெருக்கடிச் சந்துகளில் சனங்கள் செத்து விழுந்த பிறகுதான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் காற்றோட்டமான அகலத் தெருக்களோடு புதுப் பேட்டைகளாக வளர்ந்தன. அத்தை ஆம்பூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு கோயிலில் விளக்கேற்றியவர். அந்த அத்தியாயத்தை அவரிடம் வாசித்தது என் புத்திக்கேடு.

சரி, அடுத்தது எது? ஒரு மாதம் ஓட்ட வேண்டும். ஆபீசில் கூட வேலை பார்க்கும் பையன், "போன்ல வடிவேலு காமெடி போட்டுவிடுங்க, முடிஞ்சது" என்றான். வடிவேலுவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது சாம்பாரை முகர்ந்து பசியாறுகிற மாதிரி. புத்தகம்தான் வேண்டும். தமிழ்ச் சங்க நூலகம், வீட்டுப் பரண், சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகள் என்று அலைந்து ஒரு பை நிறையச் சேர்த்தேன். அடுத்த நான்கு வாரம் ஒவ்வொன்றாக அத்தையின் காதில் போட்டுப் பார்த்தேன். எது நின்றது, எது நிற்கவில்லை என்பதுதான் இனி வருவது. நீங்கள் தனியாக, மனசுக்குள் வாசிப்பவராக இருந்தால் சில இடங்களில் என் முடிவு மாறும். அங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் தேவன். துயரமான புத்தகத்தை முடித்துவிட்டு வந்து நிற்பவரிடம் யாரும் முதலில் நீட்டுவது 'துப்பறியும் சாம்பு'வாகத்தான் இருக்கும். ஆனந்த விகடனில் வந்த கதைகள். அசடு என்று பெயரெடுத்த பேங்க் குமாஸ்தா சாம்பு, எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டு எங்கேயாவது முட்டிக்கொள்வார். அந்த முட்டலில் ஒரு திருடன் பிடிபடுவான். பார்க்கிறவர்கள் எல்லாம் அதை மேதையின் தந்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள். இன்ஸ்பெக்டர் கோபாலனும் இந்த மேதையைத்தான் நம்பியிருக்கிறார். ஒரு கதையை ஒரே உட்காரலில் முடித்துவிடலாம், நாளைக்கு நேற்றைய கதையை ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. படுத்துக்கொண்டு கேட்கிறவருக்கு இதைவிட வசதி கிடையாது.

முதல் மூன்று நாள் அத்தை வயிறு குலுங்கச் சிரித்தார். நாலாம் நாள் கதை பாதியில் இருக்கும்போதே, "இப்ப இவரு கால் தடுக்கி விழுவாரு, திருடன் மாட்டிக்குவான்" என்றார். அப்படியே நடந்தது. சாம்புவின் பலவீனம் அது ஒன்றுதான்: சூத்திரம் பிடிபட்டுவிடும். வாரத்துக்கு ஒன்று என்று பத்திரிகையில் வந்ததை ராத்திரிக்கு ஒன்று என்று விழுங்கினால் யாருக்கும் திகட்டும். வேறு கனமான புத்தகத்துக்கு நடுவே ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்ள இது உத்தமம். இன்னொன்று: தேவன் என்ற பெயரைப் பார்த்ததும் எல்லாமே சிரிப்பு என்று நம்பி எடுத்துவிடாதீர்கள். 'ஸ்ரீமான் சுதர்சனம்' கடன் நெருக்கி ஆபீஸ் பணத்தில் கைவைக்கும் ஒரு குமாஸ்தாவின் கதை. சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பீர்கள், மாதக் கடைசியில் அதை வாசித்தால் நெஞ்சு படபடக்கும்.

அடுத்து சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்'. இதை முழுக்க முழுக்கக் கொண்டாட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஓர் அமெரிக்கக் கோடீஸ்வரச் சீமாட்டிக்குத் தென்னிந்தியக் கல்யாணம் ஒன்றைப் பார்க்க ஆசை. ராக்ஃபெல்லர் குடும்பத்துப் பணம் அது, ஆகவே கல்யாணத்தையே வாஷிங்டனுக்கு இறக்குமதி செய்கிறார்கள். அப்பளம் இடப் பாட்டிமார்கள் விமானம் ஏறுகிறார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்தில் குரைக்க நாய் வேண்டுமே என்ற கவலை வந்து, நாய்களும் போய்ச் சேருகின்றன. புத்தகத்தில் கெட்டவன் கிடையாது, சாவு கிடையாது, பணக் கவலை அறவே கிடையாது. நஞ்சம்மா ராகிக்குத் திண்டாடிய வீட்டிலிருந்து நேராக இங்கே வந்தால் மூச்சு விட முடிகிறது.

நாய் வரும் இடத்தில் அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஏனாயித்து?" என்று கேட்டார். அத்தை அவருக்கு அந்தக் காட்சியைக் கன்னடத்தில் சொல்ல, அவரும் சிரித்தார். ஜன்னல் தாண்டும் சிரிப்பு வேறு எந்தப் புத்தகத்துக்கும் வரவில்லை. ஆனால் இரண்டாம் நாள் ராத்திரி அத்தை ஒன்று கேட்டார்.

"ஏன்டா, இந்தக் கதைங்கள்ல எல்லாரும் ஆத்துக்கே போறாங்களே, குளிக்கவா? யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்களா?"

நான் சிரித்து முடிக்க நேரமானது. யோசித்தால் அத்தை சொன்னது சரி. தேவன், சாவி, அவர்களுக்கும் மூத்தவரான எஸ்.வி.வி. எல்லோருடைய நகைச்சுவையும் அந்தக் காலத்து ஆனந்த விகடன் வாசகர் வீட்டுக் கூடத்தில் நடப்பது. திருவண்ணாமலையில் வக்கீலாக இருந்த எஸ்.வி.வி., தி ஹிண்டுவில் ஆங்கிலத்தில் எழுதிப் பேர் வாங்கிய பிறகு தமிழுக்கு வந்தவர். புருஷன் பெண்சாதி வாய்ச்சண்டையை அவர் அளவுக்கு நுணுக்கமாகக் கேட்டு எழுதியவர்கள் குறைவு. குற்றம் சொல்லவில்லை. அந்தக் கூடத்தை எட்டி நின்று பார்த்துச் சிரிக்க முடியும், சிரித்தோம். ஆனால் நஞ்சம்மாவின் சமையலறையில் அத்தை உட்கார்ந்தே இருந்தார். அங்கிருந்து எழுப்பிக் கூட்டிவர இந்தக் கூடம் போதவில்லை. வேடிக்கை முடிந்ததும் அவர் திரும்ப அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டார் என்பது மறுநாள் அவர் முகத்தில் தெரிந்தது.

அப்புசாமி, சீதாப்பாட்டி அத்தையே கேட்டு வாங்கியது. குமுதத்தை முதல் ஆளாகப் பிரிக்கச் சண்டை போட்ட தலைமுறை அது. பாக்கியம் ராமசாமி என்பது ஜ.ரா. சுந்தரேசனின் புனைபெயர். அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டது. இங்கிலீஷ் பொழியும் சீதாப்பாட்டி, மூக்குப்பொடி போடும் அப்புசாமி, கூட்டாளிகள் ரசகுண்டுவும் பீமாராவும். இந்தக் கதைகளில் பாதி உயிர் ஜெயராஜின் படம் என்பது வாசித்துக் காட்டும்போதுதான் எனக்குத் தெரிந்தது. "சீதாப்பாட்டி மூஞ்சிய எப்படிப் போட்டிருக்கான், சொல்லு" என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டார். சொல்லி மாளவில்லை. கண்ணாடி வந்த பிறகு அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று எடுத்து வைத்துவிட்டேன். கண் நன்றாக இருப்பவர்கள், அதுவும் பழைய படங்களோடு உள்ள பதிப்பு கிடைத்தால், விட வேண்டாம்.

சுஜாதாவை நான் இரண்டு மனசோடுதான் எடுத்தேன். ஜாலஹள்ளி பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டு, வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு உழைத்த குழுவிலும் இருந்துகொண்டு, பெங்களூரிலிருந்தே அத்தனை எழுதிக் குவித்தவர் என்று எங்களுக்கு அவர் மேல் ஓர் உள்ளூர்ப் பாசம். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' தொகுப்பைப் பலரும் நகைச்சுவைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். 'பேப்பரில் பேர்' மாதிரி கிரிக்கெட் கதையை வைத்துப் பார்த்தால் சேர்க்கலாம். ஆனால் அந்த ஊரில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு படி சறுக்கும். 'குண்டு ரமணி' கதை ஒரு வினோதமான பெண்ணைப் பார்த்துச் சிரிக்கவைத்துக்கொண்டே போய், கடைசியில் தொண்டையை அடைக்கும். எழுத்தின் வேகமே அதற்குக் காரணம். சிரிப்பு போகிற அதே வேகத்தில் துக்கமும் வந்து இடிக்கும், ஒதுங்க நேரம் இருக்காது. கண்ணைக் கசக்கக் கூடாத ஒரு மாதத்தில் இது ஆகாது. ஒரு கதை வாசித்தேன், புத்தகத்தை மெட்ரோவுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அல்சூர் ஸ்டேஷனில் ஏறி ஒயிட்ஃபீல்ட் போய்ச் சேருவதற்குள் இரண்டு கதை முடிகிறது. இறங்கி நடக்கும்போது முகம் சரியாகிவிடும். எனக்குச் சரி, அத்தைக்கு இல்லை.

ஆர்.கே. நாராயண் கிட்டத்தட்ட இதே ரகம், ஆனால் மெதுவானவர். 1935இல் வந்த 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'. ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை, அந்த வீட்டில் எல்லோரும் மனசுக்குள் தமிழோ கன்னடமோதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் ஒட்டவைத்துத்தான் மால்குடி என்று பெங்களூர்க்காரர்கள் சொல்வார்கள். நாராயணோ அந்தப் பெயர் தானாக மனசில் வந்தது என்றார். இருந்தாலும் பிளேக் வளர்த்த இரண்டு பேட்டைகளின் பெயரில் ஒரு குழந்தைகள் ஊர் முளைத்தது என்ற உள்ளூர்க் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. கிரிக்கெட் வீரர் டேட் யார் என்று பாட்டிக்குத் தெரியவில்லையே என்று சுவாமி அங்கலாய்க்கும் இடத்தில் அத்தைக்கு ரோசம் வந்துவிட்டது. "என்னைக் கேக்கச் சொல்லு, கோலி எத்தனை நூறு அடிச்சான்னு நான் சொல்றேன்" என்றார். ஐபிஎல் நாட்களில் அந்த வீட்டில் எட்டு மணிக்கு மேல் புத்தகத்துக்கு இடமே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசிக்கவில்லை. ராஜம் ஊரை விட்டுப் போகிறான், சுவாமி ரயிலடிக்கு ஓடி ஒரு புத்தகத்தைக் கொடுக்கிறான், ராஜத்தின் கோபம் தீர்ந்ததா இல்லையா என்று அவனுக்குத் தெரியாமலே ரயில் கிளம்பிவிடுகிறது. "இதோட முடிஞ்சுது அத்தை" என்று பொய் சொன்னேன். நீங்கள் தனியாக வாசித்தால் அந்த ரயிலடியைத் தவற விடாதீர்கள். ஆனால் அதே கையோடு 'தி இங்கிலீஷ் டீச்சர்' பக்கம் போய்விட வேண்டாம். 1939இல் மனைவி டைபாய்டில் இறந்த துக்கத்திலிருந்து நாராயண் எழுதியது அது. மால்குடிதான், ஆனால் இருட்டிய மால்குடி.

கி. ராஜநாராயணன் பையில் இருந்தார். அவர் சேர்த்த நாட்டுப்புறக் கதைகளில் மாட்டையும் மாமனாரையும் முட்டாள் மருமகனையும் வைத்து நாலே வரியில் நம்மைச் சாய்த்துவிடுவார். வாசித்துக் காட்ட அதைவிடத் தோதான தமிழ் இல்லை, எழுதினதே சொன்ன மாதிரிதான் இருக்கும். அதில் ஒரு சங்கடம். நான் எடுத்து வந்திருந்தவற்றுள் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்ற தொகுப்பும் இருந்தது. அட்டையைப் பார்த்துத் தலைப்பைச் சொன்னதும், இது வேண்டாம் என்று நானே பைக்குள் திரும்பப் போட்டேன்.

"எனக்கு எழுபத்தொண்ணு ஆவுது. இன்னும் வயசு வரலையா?"

நான் நெளிந்தேன். அத்தை விடவில்லை. "வள்ளுவரு மூணாவது பால் எழுதினதுக்குத்தான் நம்ம ஏரியாவுல பதினெட்டு வருஷம் மூடி வெச்சிருந்தாங்களா?" என்றார். அல்சூர் ஏரிப் பக்கத்துத் திருவள்ளுவர் சிலை அப்படி மூடிக் கிடந்து 2009இல்தான் திறக்கப்பட்டது. அந்தக் காரணம் அரசியல். அத்தை சொன்ன காரணம் இன்னும் நன்றாக இருந்தது. ஆனாலும் அந்தக் கதைகளை அத்தையிடம் வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. புத்தகத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த சின்ன அத்தை இரண்டு நாள் வாசித்துக் காட்டியதாகவும், இரண்டு பேரும் சிரித்ததில் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருந்ததாகவும் கேள்வி. ஆக, வாசிப்பவர் யார் என்பதும் கணக்கில் உண்டு.

அ. முத்துலிங்கத்தைப் பற்றி ஒரே ஒரு சொல். கொக்குவிலில் பிறந்து ஆப்பிரிக்கா, கனடா என்று அலைந்தவரின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' அமைதியான புன்னகை. மனசுக்குள் வாசிப்பவருக்கு முதல் தரம். சத்தமாக வாசித்தால் அந்தப் புன்னகை காற்றில் போய்விடுகிறது.

இனி மலையாள எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீர். 'பாத்துமாவின் ஆடு', குளச்சல் யூசுப் தமிழில், காலச்சுவடு வெளியீடு. இதைக் கடைசியாக எடுத்ததற்குக் காரணம் மெலிந்த புத்தகம், இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்று நினைத்ததுதான்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கொஞ்சம் ஓய்வெடுக்கலாம் என்று பஷீர் தன் வீட்டுக்கு வருகிறார். வீடு என்றால் உம்மா, தம்பிகள், தங்கைகள், அவர்களுடைய பெண்சாதி பிள்ளைகள், கோழி, பூனை. அண்ணன் எழுத்தாளன், கையில் காசு இருக்கும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. ஒவ்வொருவராக, மற்றவருக்குத் தெரியாமல், வந்து கேட்கிறார்கள். தங்கை பாத்துமா தினமும் ஆட்டோடு வருகிறாள். ஆடு கண்ணில் பட்டதையெல்லாம் தின்கிறது. ஆடு குட்டி போடட்டும், அப்புறம் பாருங்கள் என்பது பாத்துமாவின் வீராப்பு. குட்டி போட்டதும் அவளுக்குத் தெரியாமல் வீட்டிலிருப்பவர்களே பாலைக் கறந்துவிடுகிறார்கள்.

முதல் ராத்திரி பத்துப் பக்கம்கூடத் தாண்டவில்லை. ஒவ்வொரு பத்திக்கும் அத்தை நிறுத்தினார். தம்பி ஹனீபா எதற்கெடுத்தாலும் பட்டாளத்துக்கே போய்விடுகிறேன் என்று மிரட்டும் இடம் வந்ததும் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீட்ல ஒருத்தரு இருந்தாரே! சின்ன மச்சினரு. சோத்துல உப்பு கம்மின்னாக்கூட, நான் கோலாருக்கே போறேன், தங்கச் சுரங்கத்துல சாவறேன்னு துண்ட உதறிகினு கெளம்புவாரு. வாசப்படி தாண்ட மாட்டாரு. ரெண்டாயிரத்து ஒண்ணுல சுரங்கத்தையே இழுத்து மூடினாங்க. அப்பவும் கோலாருக்குப் போறேன்னாரு!"

ஆடு புத்தகம் தின்னும் இடம் மூன்றாம் நாள் வந்தது. பஷீர் எழுதிய 'பால்யகால சகி'யை அது மென்று முடிக்கிறது, அடுத்து 'சப்தங்க'ளையும் முடிக்கிறது. ஆசிரியர் பெருமையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு ஆடு அவருடைய கம்பளியில் வாய் வைக்கிறது. அப்போதுதான் ஓடுகிறார்: அது நூறு ரூபாய்க் கம்பளி, அதற்கு வேறு பிரதி கிடையாதே! அத்தை சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை மேலே போகவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சாவி செய்யாத எதை இந்த ஆடு செய்தது என்று பிறகு யோசித்தேன். நஞ்சம்மா வீட்டில் இருந்தது அத்தனையும் இந்த வீட்டிலும் இருக்கிறது. காசில்லை, இடமில்லை, ஒருவர் உழைப்பில் பத்துப் பேர் வாய், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் செய்யும் களவு. ஒருவர் இன்னொருவரின் பாலைத் திருடுவது பைரப்பாவிடம் வந்தால் நமக்கு ரத்தம் கொதிக்கும். பஷீரிடம் அதைப் பார்த்து, திருடட்டும், குழந்தைகளும் குடிக்கத்தானே வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. ஏழ்மையை அவர் மறைக்கவில்லை, அழகாக்கவும் இல்லை, அதற்குள் உட்கார்ந்து சிரிக்கிறார். வாஷிங்டன் கல்யாணம் நம்மை வேறு ஊருக்குக் கூட்டிப்போனது. இது அத்தையை அதே சமையலறையில் வைத்துக்கொண்டு விளக்கை மட்டும் ஏற்றியது.

இதில் எனக்கு இன்னும் அடங்காத ஒரு விஷயம் முன்னுரையில் இருக்கிறது. மனநோய்க்குச் சிகிச்சையில் இருந்த நாட்களில் எழுதியது இது, திருத்தி எழுதவில்லை என்கிறார் பஷீர். 1959இல் அப்படியே அச்சேறியது. ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸும் 'மனி இன் த பேங்க்' நாவலை ஜெர்மானியர்களின் தடுப்பு முகாமில் இருந்தபோது எழுதினார். இங்கிலீஷில் தனியாக வாசிப்பவர்களுக்கு வுட்ஹவுஸ் ஒரு நல்ல மருந்து, சர்ச் தெருவில் அடுக்கடுக்காகக் கிடைக்கும். ஆனால் முகாமின் நிழல்கூட அவருடைய அரண்மனைத் தோட்டங்களில் விழாது. பஷீரின் வீட்டில் விழுகிறது. விழுந்த இடத்தில் ஓர் ஆடு வந்து நின்றுகொள்கிறது.

அதற்காக எல்லோருக்கும் எப்போதும் பஷீர்தான் என்று சொல்ல மாட்டேன். எந்த இருட்டிலிருந்து வருகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். எம்.ஏ. சுசீலா மொழிபெயர்த்த தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' முடித்துவிட்டு வந்தபோது எனக்கு வேறு மாதிரி இருந்தது. அதில் துக்கத்தைவிட மண்டைக் குடைச்சல் அதிகம். அதன் நாயகன் ரஸ்கோல்னிகோவ் யோசித்து யோசித்தே குற்றவாளி ஆனவன். அவனிடமிருந்து விடுபட, யோசிக்காமலேயே குற்றவாளியைப் பிடிக்கும் சாம்புவைவிட நல்ல ஆள் கிடையாது. அந்த வாரம் சாம்புவைத் திகட்டத் திகட்ட வாசித்தேன், சூத்திரம் தெரிந்ததே நிம்மதியாக இருந்தது. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' மறுபடி வேறு. உடல் சிதைந்த பிச்சைக்காரர்களைச் சரக்காக விற்று வாங்கும் உலகத்திலிருந்து வந்த பிறகு, ஒருவரின் மூக்கையோ தொப்பையையோ பார்த்துச் சிரிக்கவைக்கும் நகைச்சுவை தொண்டையில் இறங்காது. நம் பழைய சிரிப்புக் கதைகளில் பாதி அப்படித்தான். அந்த நாவலுக்கு அப்புறம் எனக்கு இறங்கியது கி.ரா. மட்டுமே. அந்த நாவலுக்குள்ளேயே அந்த மனிதர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்ளும் சிரிப்பு இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உட்காரக்கூடிய சிரிப்பு கி.ரா.வுடையதுதான் என்பது என் எண்ணம்.

ஆடு ஒன்பது நாள் வந்தது. இரண்டு நாள் என்று கணக்குப் போட்ட புத்தகம், அத்தையின் மச்சினர் கதைகளையும் சேர்த்துக்கொண்டு நீண்டுவிட்டது. பத்தாம் நாள் பஷீரின் 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' எடுத்துக்கொண்டு போனேன். கையில் புதுப் புத்தகம் இருப்பதைக் கவனித்துவிட்டார். சொட்டு மருந்து விட்டேன். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"ஆனை நாளைக்கு வரட்டும். அந்த திப்டூர்ப் புஸ்தகத்த எங்க வெச்ச?"

"பீரோவுல இருக்கு. இப்ப எதுக்கு அத்தை?"

"மிச்சத்தையும் வாசிச்சிடு. புள்ளைங்க போனப்புறம் அவ என்ன பண்ணா, எப்படி எழுந்து அடுப்பு மூட்டினான்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரலை. கண்ணைத் தொட மாட்டேன், பயப்படாத." முந்தானை நுனியைச் சுருட்டி வலது கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பீரோவைத் திறந்தேன்.